முதுமக்கள் தாழியும் சாகாத கிழவர்களும்

எங்க ஒக்கூர் பக்கம் ஒரு கதை சொல்வாங்க. அந்தக் காலத்துல மனுஷனுக்குச் சாவே கிடையாதாம். வயசாக வயசாக ஆள் சுருங்கிக்கிட்டே போவானாம். முதல்ல கூன் விழும், அப்புறம் தவழுற பிள்ளை அளவுக்கு வந்துடுவானாம், அதுக்கும் அப்புறம் உள்ளங்கை அளவு. கோழி கொத்திடும், பூனை தூக்கிட்டுப் போயிடும்னு பயந்து, விளக்கு வைக்கிற மாடக்குழியில தூக்கி உட்கார வச்சிடுவாங்களாம். அங்கேருந்து 'கஞ்சி குடு, கஞ்சி குடு'ன்னு கத்திக்கிட்டே இருப்பானாம். ஒரு கட்டத்துல வீட்டுல இருக்கறவங்களுக்கு முடியாமப் போயி, பெரிய பானை ஒண்ணு செஞ்சு, கிழவனை உள்ளே உட்கார வச்சு, கொஞ்சம் சோறு, தண்ணி, ஒரு விளக்கு எல்லாம் வச்சு மூடிப் புதைச்சிடுவாங்களாம். அதுதான் முதுமக்கள் தாழி.

இது எங்க ஊர்க் கதை மட்டும் இல்லை. மதுரை, நெல்லை, தூத்துக்குடி என்று தெற்கே எங்கே போனாலும் இதோட ஒரு வடிவம் கிடைக்கும். திருநெல்வேலிச் சீமையில் இருந்த கால்டுவெல் 1877லேயே தாழிகளைப் பற்றி எழுதும்போது இந்தக் கதையையும், மாடக்குழி சமாச்சாரம் உட்பட, பதிவு பண்ணி வச்சிருக்கார். ஆக, கதைக்கு வயசு குறைஞ்சது நூத்தைம்பது வருஷம்.

கதையாக இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. ஆனா இதோட பேரப்பிள்ளை ஒண்ணு இப்போ குடும்ப வாட்ஸப் குழுக்களில் சுத்திக்கிட்டு இருக்கு. 'நம் முன்னோர்கள் கம்பும் கேழ்வரகும் தின்று 120 வயது வாழ்ந்தார்கள்' வகையறா. இதுக்கு நேர் எதிரா இன்னொரு கோஷ்டியும் இருக்கு. 'அட போப்பா, அந்தக் காலத்துல எல்லாரும் முப்பது வயசுலயே போய்ச் சேர்ந்துட்டாங்க' என்பது இவங்க கட்சி. ரெண்டு கட்சியையும் கொஞ்சம் நோண்டிப் பார்ப்போம். வசதியா, ஆதாரம் நம்ம மாவட்டத்துலயே மண்ணுக்குள்ள இருக்கு.

தாழி என்றால் முதலில் ஞாபகம் வருவது ஆதிச்சநல்லூர். 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். 1899ல் ஆரம்பித்து அலெக்சாண்டர் ரீ சில வருஷங்கள் விரிவாகத் தோண்டினார். நம்ம பக்கத்துக்கு வந்தால், திருப்புவனத்தை ஒட்டிய கீழடியும் அதற்குப் பக்கத்தில் கொந்தகையும். கீழடி குடியிருப்பு, கொந்தகை இடுகாடு. தமிழகத் தொல்லியல் துறை 2020ல் கொந்தகையில் தோண்ட ஆரம்பித்தபோது தாழி தாழியாகக் கிடைத்தது. உள்ளே எலும்புகள், கறுப்பு சிவப்புப் பானைகள், இரும்புப் பொருட்கள். அந்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.என்.ஏ. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2025ல் கொந்தகை மண்டையோடுகள் இரண்டை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்களின் முகத்தைக் கணினியில் உருவாக்கிக் காட்டினார்கள். பேப்பரில் பார்த்திருப்பீங்க. நம்ம ஊர் பஸ்ஸ்டாண்டில் பார்க்கிற மாதிரியே ரெண்டு முகம் :-)

இந்த இடுகாடுகள் கதைக்கு என்ன பதில் சொல்லுது? முதல் விஷயம், தாழிக்குள்ள இருக்கிற எலும்பு முழு அளவு மனுஷங்களோட எலும்பு. யாரும் சுருங்கலை. சில தாழிகளில் உடம்பைக் குத்த வச்ச மாதிரி மடக்கி வச்சிருக்காங்க. சிலதில், வேற எங்கேயோ உடம்பு மக்கின பிறகு எலும்பை மட்டும் பொறுக்கி வச்சிருக்காங்க. இதைப் பல நூறு வருஷம் கழிச்சு உழும்போதோ கிணறு வெட்டும்போதோ ஒருத்தர் பார்க்கிறார்னு வச்சுக்கோங்க. பானைக்குள்ள மனுஷ எலும்பு, கூடவே சின்னச் சின்ன சோத்துச் சட்டி. 'இம்மாத்தூண்டு பானைக்குள்ள ஆள் எப்படிப் போனான்? அப்போ ஆளே சின்னதாத்தான் இருந்திருக்கணும். சாப்பாடு வேற வச்சிருக்காங்க, அப்போ உயிரோடதான் வச்சிருக்கணும்.' யோசிச்சுப் பார்த்தா ரொம்ப நேர்மையான தர்க்கம். தரவு சரி, முடிவுதான் தப்பு.

ரெண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். கொந்தகையில் 2020லேயே ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. அந்த இடுகாடு கிழவர்களுக்கானது மட்டும் இல்லை. முதுமக்கள் என்ற சொல்லை 'வயதானவர்கள்' என்று எடுத்துக்கொண்டதால்தான் நமக்குக் கிழவர்கள் ஞாபகம் வருது. 'மூத்த குடிகள், முன்னோர்கள்' என்று எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

சரி, எலும்பைப் பார்த்து வயசு எப்படிச் சொல்றாங்க? சின்ன வயசு வரைக்கும் சுலபம். பல் முளைக்கிற வரிசை, எலும்பு நுனிகள் ஒட்டுகிற வரிசை ரெண்டும் கிட்டத்தட்ட கால அட்டவணை மாதிரி. கடைசியாக ஒட்டுவது காறை எலும்பின் உள்நுனி, அது இருபதுகளின் பிற்பகுதி வரைக்கும் இழுக்கும். அதுக்கப்புறம் கட்டுமானம் முடிஞ்சுது, இனி தேய்மானம் மட்டும்தான். பல் தேய்வு, இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பு, மூட்டுகள், இதையெல்லாம் வச்சு ஊகிக்கணும். தேய்மானம் ஆளுக்கு ஆள் மாறும். ஐம்பதைத் தாண்டிய எலும்பை 'ஐம்பதுக்கு மேல்' என்று சொல்லலாம், 60ஆ 80ஆ என்று பிரிப்பது ரொம்பக் கஷ்டம். 1982ல் பொக்கே-ஆப்பெல், மாஸே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்த முறைகளில் ஒரு ஓட்டை இருக்கு, ஒப்பீட்டுக்கு வச்ச எலும்புத் தொகுப்பின் வயதுதான் திரும்ப விடையா வருதுன்னு எழுதி, அந்தத் துறையையே ஒரு ஆட்டு ஆட்டினாங்க. ஆக, 'பழங்கால எலும்பில் கிழவர்களே இல்லை, எல்லாரும் நாற்பதுக்குள் செத்தார்கள்' என்று சொன்னாலும் நம்பக்கூடாது. கிழவர்கள் இருந்திருப்பாங்க, நம்ம அளவுகோலுக்குத் தெரியாம ஒளிஞ்சிருப்பாங்க.

'முப்பது வயசு' கட்சியோட இன்னொரு கோளாறு சராசரி. இந்தியாவில் 1911-21 பத்தாண்டில் சராசரி ஆயுள் சுமார் 20 வருஷம்தான். நடுவில் 1918 விஷக்காய்ச்சல் வேற. 1951 வாக்கில் கூட 32 சொச்சம். இப்போ 70ஐ ஒட்டி இருக்கு. இதுக்கு அர்த்தம் 1915ல் இருபது வயசுக்காரனெல்லாம் கிழவன் என்பது இல்லை. ஒரு வீட்டில் ரெண்டு பிள்ளை, ஒண்ணு பிறந்தவுடனே போச்சு, இன்னொண்ணு 60 வரைக்கும் இருந்தது, சராசரி 30. ஆனா முப்பதில் அந்த வீட்டில் யாரும் சாகலை. பிள்ளைச்சாவுதான் சராசரியைக் கீழே இழுத்தது. அம்மை, காலரா, பிரசவம், பஞ்சம் எல்லாத்தையும் தாண்டி வந்த ஆள் அறுபது, எழுபது பார்த்திருக்கலாம். அவங்க எண்ணிக்கைதான் கம்மி.

எங்க செட்டிநாட்டுப் பக்கம் அறுபதாம் கல்யாணம், எழுபதுக்குச் சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் எல்லாம் ஊரே திரண்டு தடபுடலா நடக்கும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருஷமும் ஒரு சுற்று சுற்றி, பிறந்த வருஷமே திரும்பி வருது. எல்லாரும் அறுபது தாண்டுகிற ஊரில் இப்படி ஒரு விசேஷம் தோன்றியிருக்குமா? 120 வயசுக் கட்சிக்காரங்க இதுக்குப் பதில் சொல்லட்டும்.

இங்கே எங்க ஊர்க்காரர் ஒருத்தரைக் கூப்பிடணும். ஒக்கூர் மாசாத்தியார். சங்கப் பாடல் தொகுப்புகளில் எட்டுப் பாட்டு இவங்க பேர்ல இருக்கு. புறநானூற்றில் 279ஆவது பாட்டு பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படிச்சிருப்போம். பிறந்த வீட்டு ஆணை ஒரு போரில் இழந்து, அடுத்த போரில் கணவனையும் இழந்த ஒருத்தி, மறுபடி பறை கேட்டதும் ஒரே மகனைத் தலை சீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். வீரத்தைப் பற்றி நிறையப் பேர் பேசியாச்சு. நான் பார்ப்பது வேற ஒண்ணு. அந்த வீட்டு ஆம்பளைங்க யாருக்கும் வயசாக வாய்ப்பே கிடைக்கலை. மூட்டு வலியும் கண் புரையும் வர்றதுக்கு முன்னாடி யானையும் வேலும் வந்துடுது. உயிரியலில் முதுமையைப் பற்றி இருக்கிற முக்கியமான கோட்பாடு இந்த இடத்தில்தான் ஆரம்பிக்குது.

உயிர்களுக்கு ஏன் வயசாகுது? 1880களில் ஆகஸ்ட் வைஸ்மான் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் சொன்ன பதில், 'கிழடுகள் இடத்தைக் காலி பண்ணினால்தான் இளசுகளுக்கு இடம்.' கேட்க நியாயமா இருக்கு, ஆனா ஓட்டை. காட்டில் பெரும்பாலான பிராணிகள் கிழடாகும் வரை உயிரோடவே இருக்கறதில்லை. இல்லாத கிழடுகளை ஒழிக்க இயற்கை எதுக்குத் திட்டம் போடணும்?

அடுத்த துப்பு ஜே.பி.எஸ். ஹால்டேன் கொடுத்தது. ஹன்டிங்டன் நோய் என்று ஒரு பரம்பரை மூளை நோய், ஒரே ஒரு மரபணுக் கோளாறு. இவ்வளவு கொடூரமான கோளாறை இயற்கைத் தேர்வு ஏன் துடைத்து எறியலை? ஏன்னா அது பெரும்பாலும் முப்பது, நாற்பதுகளில்தான் தலைகாட்டுது. அதுக்குள்ள ஆள் பிள்ளை பெத்து கோளாறைக் கைமாத்தி விட்டாச்சு. இந்த ஹால்டேன் 1957ல் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேசுவரத்தில் இறந்தார். உடம்பை காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வச்சிட்டுப் போனார். முதுமையைப் பற்றி யோசிச்ச மனுஷன் சாவையும் வீணாக்கலை.

இந்த நூலைப் பிடித்து முழுசா நெய்தவர் பீட்டர் மெடாவர், 1950களின் தொடக்கத்தில். அவர் ஆய்வகச் சோதனைக் குழாய்களை வச்சு விளக்கினார், நாம டீக்கடைக்குப் போவோம். கடையில் 100 கண்ணாடி கிளாஸ். கண்ணாடிக்கு வயசாகாது. ஆனா மாசாமாசம் பத்துக்கு ஒண்ணு கைதவறி உடையுது. ரெண்டு வருஷம் கழிச்சு மிஞ்சுவது எட்டே எட்டு கிளாஸ். இப்போ இந்த கிளாஸ்களில் 25ஆவது மாசம் தானா விரிசல் விடுகிற ஒரு தயாரிப்புக் குறை இருக்குன்னு வச்சுக்கோங்க. கடைக்காரருக்குத் தெரியவே தெரியாது, 92 கிளாஸ் அதுக்குள்ள வேற காரணத்துக்கு உடைஞ்சாச்சே.

நம்ம தொழில் பாஷையில் சொன்னா, வாரண்டி காலம் முடிஞ்ச பிறகு வெளியே வர்ற பக். யூசர்ஸ் யாரும் அந்த ஸ்க்ரீன் வரைக்கும் போகவே மாட்டாங்கன்னா டெஸ்டிங்கில் யார் பிடிப்பா? இருபது வயசில் வர்ற கோளாறை இயற்கை உடனே பிடிச்சிடும். எழுபதில் வர்ற கோளாறு பல்லாயிரம் தலைமுறையா கோடில் அப்படியே கிடக்கு. 1957ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போனார். இளமையில் உதவுகிற ஒரு மரபணு முதுமையில் கெடுதல் செய்தாலும் அது ஜெயிக்கும் என்றார்.

1977ல் தாமஸ் கிர்க்வுட் கணக்கை பட்ஜெட்டாக மாற்றினார். கிடைக்கிற சாப்பாடு ஒரு அளவு. அதை உடம்பு ரிப்பேருக்கும் பிள்ளை பெறவும் பங்கு போடணும். மூணு வருஷத்தில் இந்த ஊரில் இருப்போமான்னே தெரியாதவன், பர்மாவிலிருந்து தேக்கு இறக்கி செட்டிநாட்டு வீடு கட்டுவானா? ஓலைக் குடிசை போதும். எலி அந்த மாதிரி. பூனையும் பாம்பும் எப்படியும் பிடிக்கப் போகுது, ரெண்டு மூணு வருஷத்துக்கு மேல் தாங்கிற உடம்பு எதுக்கு? அதே அளவுள்ள வௌவாலுக்குச் சிறகு இருக்கு, தப்பிச்சுடும். அதுக்கு ரிப்பேரில் முதலீடு லாபம். சைபீரியாவில் பிடிபட்ட சின்ன வௌவால் ஒண்ணு, வளையம் மாட்டி விட்ட பிறகு 41 வருஷம் கழிச்சும் உயிரோட இருந்தது. நம்ம உடம்பு இந்த ரெண்டுக்கும் நடுவில். மாசாத்தியார் காலத்துப் போருக்கும் நோய்க்கும் ஏற்ற மாதிரி, ஒரு அம்பது அறுபது வருஷத்துக்கு நல்லா ஓடுற வீடு.

சாவை நிஜமாகவே திட்டம் போட்டு வச்சிருக்கிற உயிர்களும் உண்டு. கொல்லையில் இருக்கிற வாழை ஒரே ஒரு குலை தள்ளும், அத்தோட அந்த மரம் முடிஞ்சுது, பக்கக்கன்று எழும்பும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற நீலக்குறிஞ்சியும், பல பத்தாண்டு காத்திருந்து ஒரே தடவை பூக்கிற தாளிப்பனையும் அப்படித்தான். இருக்கிற எல்லாத்தையும் ஒரே வீச்சில் பிள்ளைகளுக்குக் கொடுத்துட்டுப் போயிடும். மறுபக்கம், அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது, விழுதுகள் இன்னும் மரமாக நிக்குது. மனுஷன் வாழையும் இல்லை, ஆலும் இல்லை. நம்ம சாவு யாரும் போட்ட திட்டம் இல்லை, கவனிக்க ஆள் இல்லாததால் வந்த தேய்மானம்.

தேய்மானம் எவ்வளவு ஒழுங்கா நடக்குதுன்னு 1825லேயே பெஞ்சமின் கொம்பெர்ட்ஸ் என்ற இன்ஷூரன்ஸ் கணக்காளர் கண்டுபிடிச்சிட்டார். வயசு வந்தவங்களில், இன்றைய கணக்குப்படி சுமார் எட்டு வருஷத்துக்கு ஒருமுறை சாகிற வாய்ப்பு இரட்டிப்பாகிக்கிட்டே போகுது. இரட்டிப்பு என்றால் எங்கே போய் முட்டும்னு கம்ப்யூட்டர்காரங்களுக்குச் சொல்லவா வேணும். சரியான ஆவணங்களோட இதுவரை அதிக காலம் வாழ்ந்தவர் பிரான்சின் ழான் கல்மான், 1997ல் இறக்கும்போது 122. பிறப்புச் சான்றிதழ், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கிற இந்தக் காலத்தில் ஒரே ஒருத்தர் தொட்ட எண் அது. கம்பு மேல எனக்குக் கோபம் இல்லை, ஆனா கம்பால் கொம்பெர்ட்ஸை ஜெயிக்க முடியாது.

உள்ளே என்னதான் தேயுதுன்னு கேட்டா அது தனிப் பதிவு. செல்கள் ஒரு எண்ணிக்கைக்கு மேல் பிரியாதுன்னு 1961ல் ஹேஃப்ளிக் காட்டினார். குரோமோசோம் நுனியில் இருக்கிற டெலோமியர் குறைஞ்சுக்கிட்டே போவதும் அதற்கு ஒரு காரணம். அந்த டெலோமியர் வேலைக்கு 2009ல் நோபல் கிடைத்தது. அதே வருஷம் ரைபோசோமுக்காக நோபல் வாங்கியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அவர் 2024ல் 'நாம் ஏன் இறக்கிறோம்' என்ற பொருளில் தலைப்பு வச்சு ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே எழுதியிருக்கார். மரணத்தை ஜெயிக்கிறோம்னு கடை விரிச்சிருக்கிறவங்க மேல அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

இப்போ மறுபடி தாழிக் கதைக்கு. அதில் ஒரு விஷயம் உண்மை, கிழவன் சுருங்குகிறான். முதுகெலும்பு வட்டுகள் தட்டையாகி, எலும்பு அடர்த்தி குறைஞ்சு, முப்பதிலிருந்து எண்பதுக்குள் ஆண்களுக்குச் சராசரியா 5 சென்டிமீட்டர், பெண்களுக்கு 8 சென்டிமீட்டர் உயரம் குறையுதுன்னு அமெரிக்காவில் பால்டிமோர் ஆய்வில் அளந்திருக்காங்க. சதையும் வத்திப் போகுது. கதை கட்டினவர் நல்லா கவனிச்சிருக்கார், கொஞ்சம் நீட்டிட்டார், அவ்வளவுதான்.

கதையில் என்னைத் தொந்தரவு பண்றது சுருங்கின கிழவன் இல்லை. பானை செஞ்சவங்கதான். 'முடியலை, புதைச்சிடுவோம்' என்பதை நாம சிரிச்சுக்கிட்டே பிள்ளைகளுக்குச் சொல்றோம். விருதுநகர் பக்கம் தலைக்கூத்தல் என்ற பேரில், படுத்த படுக்கையான பெரியவங்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி 'அனுப்பி வைக்கும்' வழக்கம் 2010ல் பத்திரிகைகளில் வெளிவந்து பெரிய விஷயமாச்சு. தேசிய விருது வாங்கின 'பாரம்' படம் அதைப் பற்றித்தான். தாழிக் கதை நடந்ததா என்றால் நடக்கலை. ஆனா அந்தக் கதையைச் சொல்கிற மனசு இருக்கு, இப்பவும் இருக்கு.

இதைக் கெட்ட மனசு என்று மட்டும் சொல்லி முடிச்சிட முடியாது. இரண்டாயிரத்தைந்நூறு வருஷமா ஒரு ஊரில் கிழவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரு வீட்டுக்கு ஒருத்தர், பார்த்துக்கப் பத்துப் பேர். 2021க்கான கணிப்புப்படி தமிழ்நாட்டில் 60 தாண்டினவங்க 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்து நாமதான். நூறு பேரில் பதிமூணு பதினாலு பேர். பார்த்துக்க வேண்டிய பத்துப் பேரில் எட்டுப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் போய்ப் பாருங்க, எட்டுக் கட்டு வீட்டில் ரெண்டே ரெண்டு பெரியவங்க, மத்த அறையெல்லாம் பூட்டு. நம்ம உடம்பு மாதிரியே நம்ம குடும்ப அமைப்பும் கிழவர்களை எதிர்பார்த்துக் கட்டினது இல்லை.

இயற்கை கவனிக்காத இடத்தை மனுஷன் கவனிக்க முடியும் என்பதற்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. 1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனி புறநோயாளிகள் பிரிவு ஆரம்பித்தார். 1988ல் தனி வார்டு வந்தது. 1996ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. படிப்பு, இந்தியாவிலேயே முதல்முறையா. 2007ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் வந்தாச்சு. பிள்ளைச்சாவைக் குறைக்க நமக்கு ஒரு நூற்றாண்டு ஆச்சு, தடுப்பூசி, தண்ணி, பிரசவ ஆஸ்பத்திரி என்று ஒவ்வொண்ணாத்தான் செஞ்சோம். முதுமைக்கு இப்போதான் அஸ்திவாரம் தோண்டிக்கிட்டு இருக்கோம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது கொந்தகைப் பக்கம் ஒரு எட்டு போய்ப் பாருங்க, கீழடி அருங்காட்சியகமும் பக்கத்துலதான். அப்புறம் ஒரு வேண்டுகோள். மாடக்குழித் தாத்தா கதை உங்க ஊரில் எப்படிச் சொல்வாங்க? எங்க பக்கம் கஞ்சி கேட்பார், உங்க பக்கம் என்ன கேட்பார்? பின்னூட்டத்தில் எழுதுங்க மக்களே. சொல்லித் தர்ற ஆட்கள் எண்பதில் இருக்காங்க, அவங்ககிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுட்டே எழுதுங்க.